கெளுத்தி வண்டி

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் மழை பொய்த்தது. ரேஷன் கடையில் அரிசி கேட்டவர்களுக்கு மக்காச்சோளத்தை அளந்து போட்டார்கள். விளாங்குடியைத் தாண்டித் திண்டுக்கல் ரோட்டோரம் கிடக்கும் ஒத்தப்பனைக் கண்மாய், சித்திரை பிறப்பதற்கு முன்பே வற்றிப்போனது. அதற்கு வற்றாத கண்மாய் என்று பெயர். செங்கல் சூளைக்காரர்கள் மண்ணெடுத்த பெருங்குழி ஒன்று நடுவில் உண்டு; ஊரெல்லாம் காய்ந்தாலும் அந்தக் குழியில் யானை முங்கத் தண்ணீர் கிடக்கும் என்பார்கள். அந்த வருஷம் எருமைக்கு முழங்கால்கூட நனையவில்லை. கடைசி மீனைப் பிடிக்கக் கூடையோடு சேற்றில் இறங்கினவர்களின் காலில் இரும்பு தட்டியது. தோண்டிப் பார்த்தால் மோட்டார் வண்டி!

கண்மாய்க்கரை உடைப்பெடுத்தால் ஆள் சேர்க்கத் தமுக்கடிக்க வேண்டும். இதற்கு யாரும் தமுக்கடிக்கவில்லை, ஊரே வந்துவிட்டது. வண்டியின் மேல்தகடு துருவேறாத வெள்ளைத் தகடாக இருந்தது. கடப்பாரையும் கோடரியுமாக விழுந்து, மாட்டுத் தொட்டிக்கு ஒருத்தன், கூரை ஒழுக்குக்கு ஒருத்தன், ஈயம் பித்தளைக்காரனிடம் போட ஒருத்தன் என்று ஆளுக்கொரு துண்டாகப் பிய்த்துக்கொண்டு போனார்கள். பேர்ப்பலகை, நம்பர்ப் பலகை, விளக்கு, ஸ்டியரிங் வட்டு எதுவும் தப்பவில்லை. போலீஸ்காரர் சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்தபோது இரும்புச் சட்டமும் இஞ்சினும் சக்கரமும், ஓட்டுகிறவன் உட்காரும் இடத்தில் கட்டியாய் இறுகின சேறும்தான் மிச்சம். அந்தச் சேற்றைக் கிளறினபோது எலும்பு வந்தது. அதைக் கண்டதும் ஜனம் கலைந்துவிட்டது.

ராக்கம்மாளுக்கு இது எதுவும் தெரியாது. அவளுக்கு ஆலையில் கழிவுப் பஞ்சு பொறுக்கும் வேலை. மத்தியானச் சங்கு ஊதினதும் தலையில் ஒட்டின பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டு வாசல் வேப்பமரத்தடிக்கு வந்து தூக்குவாளியைத் திறந்தாள். எதிரே சேக் இஸ்மாயில் நின்றுகொண்டிருந்தார். டவுனில் மோட்டார் ரிப்பேர் ஷெட் வைத்திருப்பவர். அவள் புருஷன் மலைச்சாமிக்கு ஒரு காலத்தில் உயிர்ச் சிநேகிதர்.

"கஞ்சி குடிச்சிட்டியா தங்கச்சி?"

"இப்பத்தான் மூடியத் தொறந்தேன். என்னண்ணே, இந்த வேகாத வெயில்ல?"

"குடி. குடிச்சிட்டு வா, பேசுவம்."

"நீங்க சும்மா வார ஆளா? சொல்லுங்கண்ணே. எனக்கு இனிமே எறங்காது."

இஸ்மாயில் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒரு தரம் துடைத்தது போதாமல் மறுபடியும் துடைத்தார்.

"ஒத்தப்பனைக் கண்மாய்ல ஒரு வண்டி கெடச்சிருக்கு. இன்ஸ்பெக்டர் என்னையக் கூட்டிவிட்டுப் பாக்கச் சொன்னாரு. பார்த்தேன். பிரெஞ்சு இஞ்சின்."

ராக்கம்மாள் வாளியை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டாள்.

அந்த வண்டியை மதுரையில் பார்க்காதவர் கிடையாது. பசுமலைப் பங்களாவில் இருந்த சமீன்தார் பாரிஸ் பட்டணத்துக்கு எழுதிப்போட்டு வரவழைத்தது. இஞ்சினைச் செய்தது ஒரு கம்பெனி. அதற்கு மேல்கூடு அடித்தது இன்னொரு பட்டறை. இந்தக் கூடு மாதிரி இன்னொன்றை உலகத்தில் யாருக்கும் அடித்துக் கொடுக்கக் கூடாது என்று சமீன்தார் எழுதி வாங்கியிருந்தாராம். மீன் மாதிரி மழுங்கின தலை, ஒடுங்கின வால், நடு முதுகில் தலையிலிருந்து வால்வரைக்கும் வரிசையாக ஆணி இறுக்கின ஒரு வரம்பு. சமீன்தார் அதற்கு என்னவோ வாயில் நுழையாத பெயர் சொன்னார். மதுரை ஜனம் ஒரே பார்வையில் 'கெளுத்தி வண்டி' என்று பேர் வைத்துவிட்டது. மாசி வீதியில் அது வந்தால் கடைக்காரர்கள் தராசை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வருவார்கள். இரண்டே பேர் உட்காரலாம். ஒருவர் சமீன்தார், மற்றவன் மலைச்சாமி.

சண்டை வருவதற்கு முந்தின வருஷத்து ஐப்பசி அடைமழையில், கொடைரோடு ஸ்டேஷனுக்கு வந்து இறங்கும் சமீன்தாரை அழைத்துவர மலைச்சாமி வண்டியை எடுத்துக்கொண்டு போனான். ஸ்டேஷனுக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. விலைமதிப்பில்லாத வண்டியும் அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆளும் சேர்ந்து காணாமல் போனால் ஊர் என்ன சொல்லும்? வண்டியோடு ஓடிவிட்டான் என்றது. போலீஸ் வந்து வீட்டுப் பானையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தது, கார் என்னவோ அதற்குள் இருக்கிற மாதிரி. சமீன்தார் அந்த ஏக்கத்திலேயே செத்தார் என்று சொல்வோரும் உண்டு. குடித்துச் செத்தார் என்று சொல்வோரும் உண்டு.

பிற்பாடு, லாரிக் கிளீனர் பால்பாண்டி கொழும்புக்குப் போய்விட்டு வந்தவன், மலைச்சாமியை அங்கே கோட்டைப் பக்கம் ஒரு சிங்களத்தியோடு பார்த்ததாகச் சொன்னான். பால்பாண்டி சொல்வதில் பத்துக்கு ஒன்பது பொய். மிச்சம் ஒன்றை அவனே நம்பமாட்டான். ராக்கம்மாள் நம்பினாள். அவனை உட்காரவைத்துச் சோறு போட்டு, திரும்பத் திரும்பக் கேட்டாள். சட்டை என்ன நிறம், ஆள் இளைத்திருந்தாரா என்றெல்லாம் கேட்டாள். அன்றிலிருந்து மனசுக்குள் புருஷனோடு ஓயாத சண்டை. பஞ்சு பொறுக்கும்போது வைவாள், தண்ணீர் சேந்தும்போது வைவாள். 'வரட்டும், செருப்பாலடிக்கிறேன்' என்பாள். கைவிட்டுப் போன புருஷனை வைகிறாள் என்றால், அவன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்றுதானே அர்த்தம். நெற்றிக் குங்குமத்தைத் திருடன் பெண்டாட்டி என்ற பேரோடு வைத்துக்கொண்டாள். ஊரில் நல்லது கெட்டது எதற்கும் அவளை முன்னால் கூப்பிடுவதில்லை. சுமங்கலிகள் வரிசையிலும் சேர்க்காமல் தாலியறுத்தவர்கள் வரிசையிலும் சேர்க்காமல், பந்தல் ஓரத்தில் நிற்கவைப்பார்கள். அவளும் நின்றுவிட்டு வருவாள்.

இஸ்மாயிலோடு அவள் கண்மாயில் இறங்கியபோது வெயில் சேற்றையே சுட்டிருந்தது. மண் பாளம் பாளமாக வெடித்துக் காலைக் கிழித்தது. இன்ஸ்பெக்டர் குடையைப் பிடித்துக்கொண்டு குழியின் விளிம்பில் நின்றார். ஒரு ஓரத்தில் சாக்கு ஒன்று வாய் கட்டி வைத்திருந்தது. அதை அவள் ஒரு தடவைதான் பார்த்தாள்.

"என்ன பாய், தீர்மானமாச் சொல்லும். அந்த வண்டிதானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தீர்மானமாச் சொல்ல முடியலீங்களே," என்றார் இஸ்மாயில். "இதே இஞ்சின் போட்ட வண்டி மதுரை சில்லாவுல ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு சமீன்தாரோட கெளுத்தி. இன்னொண்ணு மலைத்தோட்டத்துத் துரை ஒருத்தரு வச்சிருந்தது, சாதாக் கூடு போட்டது. ரெண்டையும் நான் பிரிச்சிப் பூட்டியிருக்கேன். ஒரு தாய் வயித்துப் பிள்ளைக, சட்டைதான் வேற. சட்டைய உரிச்சு எடுத்துட்டுப் போயிட்டானுகளே! அந்த முதுகு வரம்புல ஒரு சாண் தகடு கெடச்சாப் போதும், கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

"வீடு வீடா ஆள விட்டுட்டேன். எல்லாம் அடிச்சு நசுக்கி உருக்கியாச்சு. இஞ்சின்ல நம்பர் இருக்கணுமே?"

"அரிச்சுப் போச்சு. இருந்தாலும் எத வச்சு ஒத்துப் பாக்க? சமீன் வீட்டுக் காயிதத்தையெல்லாம் கரையான் தின்னுருச்சு. துரை வண்டிய வித்துட்டுச் சீமைக்குப் போயிட்டாரு. வாங்குனது ஆரு, எங்க கொண்டு போனான், ஒண்ணும் தெரியாது."

"அப்ப இந்த எலும்பு?"

"எலும்புக்கு ஏதுங்க பேரு? வண்டிக்குப் பேரு தெரிஞ்சா எலும்புக்கும் தெரியும்."

இன்ஸ்பெக்டர் ராக்கம்மாள் பக்கம் திரும்பினார். ஆள் கெட்டவரில்லை, ஆனால் வெயிலுக்கு யார்தான் நல்லவர். "இந்தாம்மா, நீ பார்த்துச் சொல்லு. ஒனக்கு எதாவது அடையாளம் தெரியுதா? நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வச்சிருப்பேன். ஆளுந்தெரியாது பேருந்தெரியாதுன்னா முனிசிபாலிட்டிக் குழியிலே போட்டு மூடிடச் சொல்லி உத்தரவு."

அவள் குழிக்குள் இறங்கினாள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. மாசி வீதியையே நிறுத்தி வைத்த வண்டி, கறிக்கடையில் கழித்துப் போட்ட எலும்புக்கூடு மாதிரிக் கிடந்தது. ஓட்டுகிற பக்கத்துக்குப் போய்க் குனிந்து, கால் வைக்கிற இடத்தில் கையை விட்டாள். சேறு உள்ளே இன்னும் ஈரமாகக் குளிர்ந்திருந்தது. பெடல்களைத் தடவிக்கொண்டே வந்த விரல், இடது ஓரத்தில் இரும்பில்லாத ஒன்றில் முட்டியது. மரக்கட்டை, வார் வைத்துக் கட்டின கட்டை. அவள் விரல் அதன் விளிம்பில் ஓடி, ரம்பம் கோணலாக இறங்கின இடத்தைத் தொட்டது. அந்தக் கோணல் அவள் அறுத்தது.

மலைச்சாமி குள்ளம். வெள்ளைக்காரன் அளவுக்குச் செய்த வண்டி அவனுக்கு மாமனார் செருப்பு மாதிரி. கிளச்சை முழுக்க அழுத்தக் கால் எட்டாது. கெளுத்தி வண்டியை ஓட்டுகிறவன் கட்டை போட்டு ஓட்டுகிறான் என்று தெரிந்தால் ஊர் சிரிக்கும், சமீன்தார் வேறு ஆளைப் பார்த்துவிடுவார். முதல்நாள் அவன் வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அவள்தான் தன் அரிவாள்மணையின் பலகையைத் திருப்பிப்போட்டு வால்பக்கத்தை அறுத்துக் கொடுத்தாள். வைரம் பாய்ந்த பலாப்பலகை, அவளுக்குச் சீராக வந்தது. அவன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் கட்டையைக் கட்டுவான். இறங்கும்போது அவிழ்த்து மடியில் செருகிக்கொள்வான். இஸ்மாயிலிடம் ரிப்பேருக்கு விடும்போதுகூட அது மடியில்தான் இருக்கும். ராத்திரி வந்து அதைச் சுவர் மாடக்குழியில் வைத்துவிட்டுத்தான் கைகால் கழுவுவான். கட்டை இங்கே இருக்கிறதென்றால் அவன் இறங்கவில்லை.

அவள் கையை வெளியே எடுத்தாள். சேற்றை முந்தானையில் துடைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலய்யா," என்றாள்.

இஸ்மாயில் அவள் முகத்தைப் பார்த்தார்.

சாயந்திரம் விளாங்குடியில் வீட்டுக்கு வந்தால், திருப்பரங்குன்றத்திலிருந்து நாத்தனார் பேச்சியம்மாள் வந்து உட்கார்ந்திருந்தாள். சேதி அவளுக்கு ரயிலேறிப் போயிருக்கிறது. மலைச்சாமிக்கு மூத்தவள், அவள் மகனுக்குத்தான் ராக்கம்மாளின் மகள் சோலையம்மாள் உரிமைப் பெண். பையனுக்கும் ஆசை, பேச்சியம்மாளுக்கும் ஆசை. அவள் புருஷன் ஒருத்தன்தான், திருட்டுக் குடும்பத்தில் கைநனைக்கமாட்டேன் என்று குறுக்கே படுத்திருந்தான். சோலை மூலையில் உட்கார்ந்து சுரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"என்ன சொல்லிட்டு வந்த?" என்றாள் பேச்சியம்மாள்.

"தெரியலன்னேன் மதினி."

"தெரியலயா, சொல்ல மனசில்லயா?"

ராக்கம்மாள் மக்காச்சோளக் கஞ்சியைத் துழாவினாள்.

"இங்க பாரு ராக்கு. எனக்கு மட்டும் ஆசையா? கூடப்பெறந்தவன் செத்தான்னு கேக்க எந்த அக்காளுக்கு ஆசை இருக்கும்? எங்க வீட்டு மனுசன் இன்னைக்குத்தான் மொதமொதல்ல எறங்கிப் பேசுறாரு. 'ஒந்தம்பி ஓடல, வண்டியோட விழுந்து செத்தான்னு ஆயிப்போச்சுன்னா, வைகாசியிலேயே பரிசம் போட்ருவம்'ங்கிறாரு. ஒரு வார்த்தை. நீ சொல்ற ஒரு வார்த்தையில இருக்கு இவ வாழ்க்க."

"அந்த ஒரு வார்த்தையிலதான அவரு உசுரும் இருக்கு மதினி."

"உசுரு எங்கடீ இருக்கு? எட்டு வருசம் ஆச்சு!"

"கொழும்புல இருக்காரு."

பேச்சியம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அத்தை," என்றாள் சோலை, "எனக்காக ஆத்தாளப் போட்டு நெருக்காதீக. நான் ஆலைக்குப் போயிப் பொழச்சுக்கிருவேன்."

"நீ சும்மா கெட. ஆலைக்குப் போறாளாம்! ஒங்காத்தா தலையப் பாரு, நரையா பஞ்சான்னு தெரியல. நீயும் அப்பிடி ஆகணுமா?"

சோலை குனிந்து சுரைக்காயை அரிந்தாள். அரிவாள்மணை ஆடியது. பலகையில் வால் கிடையாதே; மற்றப் பெண்கள் ஒரு காலை மடித்து அதன்மேல் பாந்தமாக உட்கார்ந்து அரிவார்கள். இந்த வீட்டில் மட்டும் பலகையைக் குதிகாலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, உடம்பைக் கோணித்தான் அரிய வேண்டும். சோலைக்குச் சின்ன வயசிலிருந்தே அதுதான் பழக்கம். அரிவாள்மணை என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

ராக்கம்மாள் அந்தக் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்கு மூட்டையை முனிசிபாலிட்டி வண்டியில் ஏற்றி, பேர் தெரியாதவன் என்று எழுதி, நாயும் நரியும் தோண்டுகிற குழியில் கொட்டுவார்கள். திருடனாக இருந்தாலும் உயிரோடு இருக்கட்டும் என்று இத்தனை வருஷம் வேண்டிக்கொண்டவள் அவள். இப்போது திருடனும் இல்லை, உயிரும் இல்லை. அநாதையாகவும் அனுப்ப வேண்டுமா? கொழும்பிலிருக்கிறவனை விட்டுவிட அவளுக்கு மனசே வரவில்லை. அவன்தான் அவளுக்குத் துணையாக இருந்தான். அவனை வைதுகொண்டேதான் அவள் எழுந்தாள், படுத்தாள்.

மறுநாள் ஆலைக்குச் சங்கு ஊதியபோது ராக்கம்மாள் திண்டுக்கல் ரோட்டில் போய்க்கொண்டிருந்தாள். இடுப்பில் அரிவாள்மணை. வெட்டுவாயில் பழந்துணி சுற்றியிருந்தாள். எதிரே வந்த பெண்கள், "என்ன ராக்கு, அருவாமணையத் தூக்கிட்டு எங்க? விருந்துக்குக் காய் நறுக்கவா?" என்று கேலி பேசினார்கள். அவள் நிற்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வண்டிச் சட்டத்தை இழுக்க மாடுகளைப் பூட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். இஸ்மாயில் பக்கத்தில் நின்றார்.

"ஐயா, நேத்து நான் பொய் சொல்லிட்டேன்," என்றாள் ராக்கம்மாள்.

அவளே குழிக்குள் இறங்கி வாரை அறுத்துக் கட்டையை எடுத்தாள். கொண்டுபோயிருந்த தண்ணீரில் கழுவினாள். அரிவாள்மணையைத் தரையில் கவிழ்த்து, அறுத்த முனையோடு கட்டையைச் சேர்த்து வைத்தாள். கட்டை தண்ணீரில் ஊறிக் கொஞ்சம் உப்பியிருந்தது. ஆனாலும் கோணல் கோணலோடு பொருந்தியது. பலாமரத்தின் ரேகை பலகையிலிருந்து கட்டைக்கு விடாமல் ஓடியது. இன்ஸ்பெக்டர் குடையை மடக்கிவிட்டுக் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

அவள் சொன்னாள். புருஷன் குள்ளம் என்பதையும், அதை மறைக்க அவன் பட்ட பாட்டையும் அத்தனை ஆம்பிளைகள் முன்னால் சொல்ல அவளுக்குக் கூசியது. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் எவனோ ஒருவன் சிரித்தான். இஸ்மாயில் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு நின்றது.

"எங்கிட்டக்கூடச் சொல்லலயே பாவிப் பய," என்றார் இஸ்மாயில். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கெளுத்திதான் ஐயா. வேற வண்டியில்ல. எழுதிக்கங்க." பிறகு அவள் பக்கமாகத் திரும்பி, "தங்கச்சி, நேத்தே சொல்ல நெனச்சேன், நீ இருந்த இருப்புல வாய் வரல. வண்டி மூஞ்சி எந்தப் பக்கம் கெடக்கு, பாரு," என்றார்.

"எந்தப் பக்கம்?"

"விளாங்குடிப் பக்கம். அன்னிக்கு ராத்திரி மேக்க பாலத்துக்கு மேல வெள்ளம் போச்சு. ஸ்டேசனுக்கு ஆரும் போயிருக்க முடியாது. போய்ப் பார்த்துட்டுத் திருப்பியிருக்கான். திரும்பி வாரப்பக் கரை சரிஞ்சிருக்கு. ஊட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருந்தான்."

ராக்கம்மாள் வண்டியையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் விளாங்குடிப் பனைகள் தெரிந்தன. கூப்பிட்டால் கேட்கிற தூரம் என்று சொல்ல முடியாது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். இந்தக் கண்மாய்த் தண்ணீரில்தான் அவள் இத்தனை வருஷமும் துணி துவைத்தாள். துவைக்கும்போதும் அவனை வைதாள்.

சாக்கை இஸ்மாயில் தன் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வேறு யாரையும் தொடவிடவில்லை. வீட்டு வாசலில் சாக்கை இறக்கி, வேட்டி விரித்து, மாலை போட்டார்கள். இத்தனை வருஷம் அந்த வாசலில் காலெடுத்து வைக்காத பெண்களெல்லாம் வந்துவிட்டார்கள். திருடன் செத்தால்தான் வரமாட்டார்கள். மோட்டாரோடு செத்த டிரைவர் என்றால் வரலாம் போலிருக்கிறது. பேச்சியம்மாளின் புருஷன்கூடத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். வைகாசியில் பரிசம், பிறகு கல்யாணம் நிச்சயம்தான். தாலியறுத்தவளாகிவிட்ட ராக்கம்மாள் மணவறைப் பக்கம் வரக்கூடாது, சமையல்கட்டில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இதையும் அவள் நினைத்துப் பார்க்காமல் சொல்லவில்லை.

பெண்கள் வட்டமாகக் கூடி ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். பேச்சியம்மாள்தான் எடுத்துக் கொடுத்தாள்:

"வண்டி எடுத்துப் போனியே என் தம்பி — நீ
வாசல் மறந்து போனியே…"

"மதினி, நிறுத்துங்க," என்றாள் ராக்கம்மாள்.

அழுகை பாதியில் நின்றது.

"போனாரு போனாருன்னு பாடாதீக. எட்டு வருசமா நானும் அதச் சொல்லித்தான் வஞ்சேன். அவரு எங்கயும் போகல மதினி. வந்துக்கிட்டிருந்தாரு."

"வந்தவனுக்கு எப்பிடித்தா அழுகுறது?" என்றாள் பேச்சியம்மாள்.

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அங்கே ஒப்பாரிக்குப் பேர்போன கிழவிகள் இருந்தார்கள். கட்டினவனுக்கு, பெற்றவனுக்கு, பால்குடி மறக்காத பிள்ளைக்கு என்று எதற்கும் அவர்களிடம் பாட்டு உண்டு. எல்லாமே விட்டுப் போனவர்களுக்கான பாட்டு. வந்தவனுக்குப் பாட யாருக்கும் தெரியவில்லை.

ராக்கம்மாள் வட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்தச் சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுப்படியிலிருந்து எழுந்து வந்து கேட்கிறவள் மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"வாங்க. ஏன் இம்புட்டு நேரம்?"

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.